நான்கு வயது முடிந்தும் விரல் சூப்புகிறான், என்ன செய்வது?

கேள்வி, மார்ச் 2

மகனுக்கு 4 வயது முடிந்துவிட்டது. தூங்கும்போது, டிவி பார்க்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று கட்டைவிரல் வாயிலேயே இருக்கிறது. கசப்பு மருந்து தடவினேன், துடைத்துவிட்டுச் சூப்புகிறான். திட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சூப்புகிறான். பல் தூக்கிக்கொள்ளும் என்கிறார் மாமியார். தானாக விட்டுவிடுவான், கவலைப்படாதே என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி? நிஜமாகவே நிறுத்த வைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மார்ச் 2, இரவு

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் 2 வயதுக்கும் 4 வயதுக்கும் நடுவில் தானாக விட்டுவிடுவார்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சொல்கிறது. அங்கேயே குழந்தைப் பல் மருத்துவர்களின் அமைப்பு இன்னும் கொஞ்சம் கறார், 3 வயதோடு முடித்துக்கொள்ளச் சொல்கிறது. நிலைத்த முன்பற்கள் முளைப்பது 6, 7 வயதில். அதற்குள் விட்டுவிட்டால் முன்பல் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் தோழி சொல்வதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரை சூப்பியவள். என் சின்ன மகளும் சூப்பினாள், 5 வயது தாண்டித்தான் விட்டாள். சூப்பியவளாகவும் இருந்திருக்கிறேன், "எடு எடு" என்று கத்தியவளாகவும் இருந்திருக்கிறேன்.

முதல் வேலை: "விரலை எடு" என்று சொல்வதை ஒரு வாரம் நிறுத்துங்கள். அவனுக்காக இல்லை, உங்களுக்காக. சொல்லிக்கொண்டே இருந்தால் எந்த நேரத்தில், எதற்காக விரல் உள்ளே போகிறது என்று பார்க்கவே முடியாது.

மார்ச் 3

"அப்போ அப்படியே விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, வேவு பார்க்கச் சொல்கிறேன். ஒரு தாளை வைத்துக்கொண்டு, விரல் வாய்க்குப் போகும்போதெல்லாம் நேரம், இடம், அதற்கு முன் என்ன நடந்தது என்று கிறுக்கி வையுங்கள். என் மகள் நாள் முழுக்கச் சூப்புகிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை. டிவி, கார் பயணம், படுக்கை, அப்புறம் யாராவது அவளைத் திட்டும் நேரம். இவ்வளவுதான். விளையாடும்போது, வரையும்போது, சாப்பிட்டு முடித்து ஓடும்போது விரல் நினைப்பே அவளுக்கு இல்லை.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். விரல் சூப்பாதே என்று திட்டுவோம், திட்டு வாங்கியதால் மனம் சங்கடப்படும், சங்கடம் தீர விரல் சூப்புவாள். இதைத்தான் ஒரு வருடம் செய்துகொண்டிருந்தோம், பெரிய வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டு.

இன்னொன்று. சூப்பாத கை என்ன செய்கிறது என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அந்தக் கைக்கும் ஒரு வேலை இருக்கும். முடியைச் சுருட்டுவது, காது மடலைத் தடவுவது, பழைய போர்வையின் ஓரத்தைத் தேய்ப்பது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1879-லேயே புடாபெஸ்டில் லிண்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பின்னால் மனநல மருத்துவர் ஃபிராய்ட் அதை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார், நாம் போக வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: இரண்டும் ஜோடி. ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதும் குறையும். முடியைச் சுருட்டிப் பிய்க்கும் பிள்ளை விரலை விட்டதும் முடியையும் விட்டுவிடுவது உண்டு.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

போர்வையை ஒளித்து வைக்கப் போகிறேன் என்று உடனே கிளம்பியவருக்கு: வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்களே தேடி எடுத்துக் கொடுப்பீர்கள். பகலில் மட்டும் அது படுக்கையிலேயே இருக்கட்டும், கூடத்துக்கு வரக் கூடாது. அந்த அளவு போதும்.

மார்ச் 6

கசப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நகத்தில் தடவ விற்கும் கசப்புப் பூச்சுகள் பலவற்றில் இருப்பது டெனடோனியம் பென்சோயேட். 1958-ல் ஸ்காட்லாந்தில் மரப்பு மருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள் கையில் தற்செயலாகச் சிக்கிய பொருள். இதைவிடக் கசப்பான சேர்மம் இல்லை என்றே சொல்வார்கள். அவ்வளவு கசப்பையும் உங்கள் மகன் துடைத்துவிட்டுச் சூப்புகிறான் என்றால் கசப்பு போதவில்லை என்று அர்த்தம் இல்லை. அவனைக் கேட்காமல், அவனுக்கு எதிராகத் தடவியிருக்கிறீர்கள். அது அவனுக்கு ஒரு போட்டி. போட்டியில் அவன்தான் ஜெயிப்பான், ஏனென்றால் அவனுக்கு வேறு வேலை இல்லை.

அதே பூச்சு வேறு விதத்தில் உதவும். பிள்ளையே "மறந்துபோய் வாயில் வைத்துவிடுகிறேன், ஞாபகப்படுத்த ஏதாவது வேண்டும்" என்ற நிலைக்கு வந்த பிறகு, அவன் கையாலேயே தடவிக்கொள்ளட்டும். அப்போது அது தண்டனையாகத் தோன்றாது, மணியடிப்பது மாதிரி ஆகிவிடும். என் மகள் விஷயத்தில் முதலில் தடவியபோது அழுகை, ஆர்ப்பாட்டம். பின்னால் அவளே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாங்கும்போது எந்த வயதிலிருந்து தடவலாம் என்று டப்பாவில் பாருங்கள். காரமான எதையும் தடவாதீர்கள். அந்தக் கை கண்ணுக்கும் போகும். "எங்கள் காலத்தில் தடவினார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போகவும்.

மார்ச் 9

பல் எப்படி நகர்கிறது என்று ஒருவர் கேட்டார். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இதில் பயமுறுத்தலும் அதிகம், அலட்சியமும் அதிகம்.

பல்லை நகர்த்தப் பெரிய விசை வேண்டாம், நீண்ட நேரம் வேண்டும். ஒரு நாளில் மொத்தம் ஆறு மணி நேரம் போல மெல்லிய அழுத்தம் தொடர்ந்து விழுந்தால் பல் நகரத் தொடங்கும் என்பது பல் சீரமைப்பு மருத்துவர்களின் பொதுவான கணக்கு. கிளிப் வேலை செய்வதும் இதே வழியில்தான். அதனால் பகலில் அவ்வப்போது அரை நிமிடம் வாயில் வைக்கிற பிள்ளைக்கும், இரவு முழுவதும் வாயிலிருந்து எடுக்காத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம். உறிஞ்சும் வேகமும் கணக்கில் வரும். சில பிள்ளைகள் விரலைச் சும்மா வாயில் சாய்த்து வைத்திருப்பார்கள். சிலர் உறிஞ்சும் உறிஞ்சலில், விரலை இழுத்தால் "டொப்" என்று சத்தம் கேட்கும். இரண்டாவது வகைக்குத்தான் சீக்கிரம் பாதிப்பு.

என்ன நடக்கும்? மேல் முன்பற்கள் வெளியே தள்ளும், கீழ் முன்பற்கள் உள்ளே சாயும். விரல் இருக்கும் இடத்தில் பற்கள் முழுதாக இறங்காது. அதனால் பின்பற்கள் கடித்து நிற்கும்போதும் முன்னால் மேலும் கீழும் தொடாமல் ஒரு இடைவெளி இருக்கும். ஓபன் பைட் என்பார்கள். இன்னொன்று வெளியே தெரியாது: விரல் இருப்பதால் நாக்கு கீழே இறங்கிவிடும், கன்னத் தசை இரு பக்கமும் இறுக்கும், மேல் தாடை குறுகும். அப்போது பக்கப் பற்கள் மேலது உள்ளே கீழது வெளியே என்று மாறிக் கடிக்கும். அது கிராஸ் பைட்.

2-ம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 6 வயது வரை நேரம் இருக்கிறது என்றது முன்பல் இடைவெளிக்கு. பழக்கம் நின்றால் அது பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பக்கக் கடி அப்படிச் சுலபமாகத் திரும்பாது. அதனால் இப்போதே ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பயமுறுத்த இல்லை, அளந்து பார்க்க. வீட்டில் பெரியவர் சொன்னால் கேட்காத பிள்ளை, வெள்ளைக் கோட்டு போட்டவர் கண்ணாடியைக் காட்டி "இந்தப் பல் பார், இதுக்கு இடம் வேணுமாம்" என்றால் கேட்கும். என் மகள் வீடு வரும் வரை வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலமே மறுபடி சூப்பினாள், அது வேறு கதை.

மார்ச் 10

"டொப் சத்தம் கேட்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொன்னேன், அவர் தூங்கிவிட்டார், அவர் வாயில்தான் சத்தம் கேட்டது." இந்த வாரத்தின் சிறந்த பதிவு இதுதான்.

மார்ச் 15

வயிற்றில் இருக்கும்போதே சூப்புமா என்று கேட்டவருக்கு: ஆமாம், ஸ்கேனில் தெரியும். பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அப்படிப் பார்த்த 75 குழந்தைகளை 10, 12 வயதில் திரும்பத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 2005-ல் வெளியிட்டார்கள். கருவில் வலது விரல் சூப்பிய 60 பேரும் வலது கைக்காரர்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கை, 5 பேர் வலது கை.

என் மகள் பிறந்த பின் சூப்பியது இடது விரல், எழுதுவது வலது கை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஒருவேளை வலது கையில் எப்போதும் ஏதாவது பொருள் வைத்திருப்பாள், சும்மா இருந்தது இடது கைதான். ஆராய்ச்சி இல்லை, அம்மாவின் ஊகம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறப்பதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்த ஒரு ஆறுதலை நாம் விடச் சொல்கிறோம். "கெட்ட பழக்கம்" என்ற பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளை கெட்டது எதையும் செய்யவில்லை, வயது தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து பட்டியல் கொடுத்திருக்கிறார்: டிவி, படுக்கை, அப்பா வேலைக்குக் கிளம்பும் நேரம். அருமை. மூன்றுதான்.

டிவியில் ஆரம்பியுங்கள். படுக்கையைத் தொடாதீர்கள், அது கடைசி. அப்பா கிளம்பும் நேரத்தையும் விட்டுவிடுங்கள், அங்கே அவனுக்கு விரல் நிஜமாகவே தேவைப்படுகிறது.

செய்முறை இதுதான். அமைதியான ஒரு நேரத்தில் அவனோடு உட்காருங்கள். டிவி பார்க்கும்போது கட்டைவிரல் என்ன செய்யும் என்று அவனையே நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அப்புறம் விரலுக்கு வேறு வேலை: கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற நான்கு விரலால் மூடிக்கொள்வது, இருபது எண்ணும் வரை. கையில் பொம்மையையோ மிருதுவான பந்தையோ பிடித்துக்கொண்டாலும் சரி. அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் இந்த வழியை முன்வைத்தார்கள், நகம் கடிப்பது, தசைத் துடிப்பு போன்றவற்றுக்கு. 1980-ல் விரல் சூப்பும் பிள்ளைகளிடம் கசப்பு தடவுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கை மூடும் பயிற்சிதான் நன்றாக வேலை செய்தது.

கூடவே ஸ்டிக்கர் அட்டை. ஒரு நாள் முழுவதும் என்று வைத்தால் காலை எட்டு மணிக்கே தோற்றுவிடுவான், அதன் பின் நாள் முழுக்கச் சூப்புவான். ஒரு நிகழ்ச்சி முடியும் வரை என்று வையுங்கள். சூப்பாமல் பார்த்தால் ஒரு ஸ்டிக்கர். சூப்பினால் ஒன்றும் இல்லை, கட்டம் காலி. காலிக் கட்டத்தைச் சுட்டிக்காட்டிப் பேசக் கூடாது. ஏற்கனவே கிடைத்த ஸ்டிக்கரைப் பிடுங்கவே கூடாது.

என் மகள் முதல் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டாமல் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டாள். அதையும் சூப்பினாள்.

மார்ச் 23

"லஞ்சம் கொடுத்து வளர்ப்பதா?" சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி.

கொஞ்சம் சீரியஸாகவே சொன்னால், 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு இந்தப் பழக்கத்தை நிறுத்தும் முறைகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சேர்ந்தவை 6 ஆய்வுகள், 252 பிள்ளைகள். வாய்க்குள் பொருத்தும் கருவிகளும், பாராட்டு, பரிசு போன்ற மனவழி முறைகளும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பலன் தந்தன. சான்றின் தரம் குறைவு என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆக, இதுதான் ஒரே வழி என்று யாராவது அடித்துச் சொன்னால், நான் உட்பட, கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

ஏப்ரல் 4

டிவி நேரம் சரியாகிவிட்டதாம். சந்தோஷம். இப்போது படுக்கை.

தூக்கத்தில் விரல் போவது பிள்ளைக்கே தெரியாது. அதனால் பாராட்டு, ஸ்டிக்கர் எல்லாம் விழித்திருக்கும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு விரலுக்கும் வாய்க்கும் நடுவில் ஏதாவது தடை வேண்டும். பஞ்சுக் கையுறை, கையில் போடும் சாக்ஸ், இல்லாவிட்டால் பழைய நீளக் கைச் சட்டையின் முனையைத் தைத்து மூடிவிடுவது. எங்கள் வீட்டில் கடைசியாகச் சொன்னதுதான் நின்றது, கையுறையை அரைத் தூக்கத்தில் கழற்றி எறிந்துவிடுவாள். முழங்கையை மடக்க முடியாதபடி மெத்தென்ற பட்டையைச் சுற்றும் வழியும் உண்டு. இறுக்கக் கூடாது, விரல் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும், மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

எதுவானாலும் பிள்ளை சம்மதித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தூங்கிய பின் திருட்டுத்தனமாகக் கட்டினால் நடுராத்திரி பயந்து எழுந்திருக்கும். முதல் சில இரவுகள் தூக்கம் வர நேரமாகும், எழுந்து அழும். வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாதியில் மனம் இளகி "சரி சூப்பிக்கோ" என்று யாராவது சொன்னால் அடுத்த இரவு அழுகை இரண்டு மடங்கு. எங்கள் வீட்டில் அந்த "யாராவது" நான்தான்.

முழங்கைப் பட்டை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சூப்புவதை விட்டதே அப்படித்தான். மூன்றாம் வகுப்பில் மரத்திலிருந்து விழுந்து வலது கையில் மாவுக் கட்டு. கை மடங்கவில்லை. இடது விரலை வைத்துப் பார்த்தேன், ருசியே இல்லை, யாரோ ஒருவர் விரல் மாதிரி இருந்தது. கட்டுப் பிரித்த அன்று முதல் வேலையாக வலது விரலை வாயில் வைத்தேன். அதுவும் அந்நியமாகிவிட்டது. வெளுத்துப்போய், தோல் உரிந்து, மருந்து வாடை. அதோடு சரி. பல் அதற்குள் தூக்கிவிட்டது, பின்னால் கிளிப் போட்டார்கள்.

ஏப்ரல் 5

மரத்திலிருந்து தள்ளிவிடலாமா என்று கேட்டவர் நலமாக இருக்கட்டும்.

வாய்க் கருவி பற்றி: இரண்டு விதம் அதிகம் கேள்விப்படுவீர்கள். ஒன்று, மேல் முன்பற்களின் பின்னே சிறு கம்பி வேலி மாதிரி நிற்கும், விரல் அண்ணத்தில் பதியாது, உறிஞ்சும் சுகம் போய்விடும். இன்னொன்று புளூகிராஸ், 1991-ல் ஹாஸ்கெல், மிங்க் என்ற இரு பல் மருத்துவர்கள் எழுதியது. கம்பியில் ஒரு சிறு உருளை, பிள்ளை நாக்கால் உருட்டிக்கொண்டே இருக்கும். தடுப்பதைவிட நாக்குக்கு விளையாட்டுச் சாமான் கொடுப்பது. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனால் 4 வயதில் இதெல்லாம் தேவைப்படாது. நிலைப்பல் முளைக்கும் வயதிலும் பழக்கம் விடாமல், பிள்ளையும் விட விரும்பி முடியாமல் தவித்தால்தான் இந்தப் பேச்சு.

ஏப்ரல் 12

"சூப்புவது நல்லது, அலர்ஜி வராது" என்று ஒருவர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். முழுக்கப் பொய் இல்லை. நியூஸிலாந்தில் டனீடின் ஊரில் 1972, 73-ல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். விரல் சூப்பும் பழக்கமும் நகம் கடிக்கும் பழக்கமும் இல்லாதவர்களில் 49 சதவீதம் பேருக்கு 13 வயதில் தோல் சோதனையில் ஒவ்வாமை அறிகுறி. ஒரு பழக்கம் இருந்தவர்களில் 40, இரண்டும் இருந்தவர்களில் 31. 2016-ல் வெளிவந்தது. ஆனால் ஆஸ்துமாவிலோ மூக்கு ஒவ்வாமையிலோ வித்தியாசம் இல்லை என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. அந்தப் பாதியை யாரும் ஒட்டுவதில்லை. சூப்ப ஊக்குவிக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்லவில்லை. இந்தத் தகவல் பிள்ளை காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 30

ரப்பர் சூப்பான் கொடுத்து விரலை மாற்றலாமா என்று கைக்குழந்தை உள்ளவர் கேட்டார். கைக்குழந்தைக்கு அது வேறு விஷயம், தூக்கத்தில் திடீர் மரண ஆபத்தைக் குறைக்கிறது என்பதால் தூங்கும்போது கொடுக்கலாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. பின்னால் நிறுத்துவதும் சுலபம், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். விரலை எங்கே தொலைப்பது? ஆனால் 4 வயதுக்காரனுக்குப் புதிதாக அதைப் பழக்க வேண்டாம்.

மே 19

கேள்வி கேட்டவர் மூன்று வாரமாகக் காணோம், இன்று வந்தார். இரவும் குறைந்து வந்ததாம். வீடு மாற்றியிருக்கிறார்கள், மறுபடி பகலிலேயே விரல். எல்லாம் வீணாகிவிட்டது என்கிறார்.

வீணாகவில்லை. வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, காய்ச்சல், புதுப் பள்ளி, இந்த நேரங்களில் திரும்ப வரும். ஒரு மாதம் ஸ்டிக்கர் அட்டையை மடித்து வையுங்கள், பேச்சே எடுக்காதீர்கள். புது இடம் பழகியதும் டிவி நேரத்திலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். இரண்டாம் முறை சீக்கிரம் நடக்கும், அவனுக்கு வழி தெரியும். அப்பா கிளம்பும் நேரத்தை இன்னும் விட்டே வையுங்கள்.

மே 19, பின்னிரவு

மகன் விரலை எடுத்து நீங்கள் அனுப்பிய புகைப்படம் பார்த்தேன். விரல் முட்டியில் இருப்பது காய்ப்பு, சூப்பும்போது கீழ்ப்பல் உரசுவதால் வருவது. சூப்புவது குறைந்தால் தானாகப் போகும். நகத்தின் ஓரம் சிவந்து வீங்கியிருப்பதுதான் கவலை, நகச்சுற்று மாதிரி தெரிகிறது. தொட்டால் வலிக்கிறது, சீழ் தெரிகிறது என்றால் நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் வரை அந்த விரலில் கசப்புப் பூச்சு தடவ வேண்டாம். சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பெஸ் வைரஸ் விரலுக்கு வந்திருக்கலாம், அதைக் கீறக் கூடாது.